லொகின் திரை குழப்படி செய்தால்: லினக்ஸ் பாவிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு மாங்குளம், ஒட்டுசுட்டான், முழங்காவில், நெடுங்கேணி என்று வன்னி முழுக்கப் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்து வருகிறேன். வீடுகள், டியூட்டரிகள், வாசிகசாலைகள், சில தட்டச்சுக் கடைகள். அனேகமாக எல்லாம் லினக்ஸ் மின்ட், சிலது உபுண்டு. வருகிற போன் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைப் பற்றியவைதான்: பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அந்த முதல் திரை. அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

கட்டளைகளைப் போனில் சொல்வது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது வேறு சொல்லாத இடமெல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. ‘சூடோ’ என்றால் எஸ், யு, டி, ஓ, கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சொல். ‘சிஸ்டம்சிடிஎல்’ என்றால் சிஸ்டம் என்ற சொல்லோடு ஒட்டி சி, டி, எல். ‘ஜேர்னல்சிடிஎல்’லும் அப்படித்தான். ‘லைட்டிஎம்’ என்றால் லைட் என்ற சொல்லோடு ஒட்டி டி, எம். ‘கழித்தல்’ என்று வந்தால் கழித்தல் குறி, அதற்கு முன் ஒரு இடைவெளி, பின்னால் இடைவெளி இல்லை. இரண்டு கழித்தல் என்றால் இரண்டையும் ஒட்டி அடியுங்கள்.

லொகின் மனேஜர் எண்டா என்ன? அது சும்மா ஒரு படம்தானே?

படம் அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். கணினி எழும்பியதும், பின்னணி நிரல்களைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி அதைத் தொடங்கும். அது திரையைத் தயார் செய்து, உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிச் சரிபார்க்கக் கொடுத்து, சரியென்றால் உங்கள் டெஸ்க்டொப்பைத் திறந்துவிடும். நீங்கள் வெளியேறும் வரை பின்னால் காத்திருக்கும். மின்டில் இதன் பெயர் லைட்டிஎம், உபுண்டுவில் ஜிடிஎம், கேடிஈ டெஸ்க்டொப் உள்ள குபுண்டுவில் எஸ்டிடிஎம்.

இதில் மூன்று ஆட்கள் இருக்கிறார்கள். பின்னால் நிற்கும் லைட்டிஎம் ஒன்று. கண்ணுக்குத் தெரியும் முகப்பு இன்னொன்று, மின்டில் அது ஸ்லிக் கிரீட்டர். மூன்றாவது, உள்ளே போனபின் தொடங்கும் உங்கள் சொந்த அமர்வு. எது விழுந்தது என்று பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதைத்தான் செய்கின்றன.

திரை வரேல்லை. என்ர ஓஎல் நோட்ஸ், கலியாணப் படங்கள் எல்லாம் போச்சுதோ? ஃபோமற் அடிக்கவேணுமோ?

தயவுசெய்து அடிக்காதீர்கள். வாசல் கதவு இறுகிவிட்டது என்று வீட்டை இடிப்பதில்லை. உங்கள் கோப்புகள் வட்டில் ஹோம் கோப்புறைக்குள் இருக்கின்றன, லொகின் மனேஜர் அவற்றைத் தொடுவதே இல்லை. கடையில் கொடுத்து ஃபோமற் பண்ணி, பிள்ளையின் மூன்று வருடக் குறிப்புகளை இழந்த வீட்டை எனக்குத் தெரியும். அந்தக் கணினியில் கெட்டிருந்தது ஒரு சின்னக் கோப்பு மட்டும்தான்.

மனம் கேட்காவிட்டால் முதலில் பிரதி எடுத்துவிடுங்கள். மின்ட் போட்ட பென்டிரைவ் இருந்தால் அதிலிருந்து கணினியை எழுப்பி, உள்ளே உள்ள வட்டைத் திறந்து, வேண்டியதை இன்னொரு பென்டிரைவுக்கு மாற்றலாம். பிறகு பதற்றமில்லாமல் வேலை பார்க்கலாம்.

நீங்கள் சொல்லுற அந்த எழுத்து மட்டும் வாற திரைக்கு எப்பிடிப் போறது?

கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அமத்திக்கொண்டு எஃப்3. மடிக்கணினி சிலவற்றில் எஃப்என் விசையையும் சேர்த்து அமத்த வேண்டும். கறுப்புப் பின்னணியில் கணினியின் பெயரும் ‘லொகின்’ என்ற சொல்லும் வரும். பெயரை அடித்து என்டர், பிறகு கடவுச்சொல். கடவுச்சொல் அடிக்கும்போது புள்ளி, நட்சத்திரம் எதுவும் வராது. கீபோட் செத்துவிட்டது என்று இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். நம்பி முழுதையும் அடித்து என்டர் கொடுங்கள். திரும்பிப் போக மின்டில் கன்ட்ரோல் ஆல்ட் எஃப்7, உபுண்டுவில் எஃப்1 அல்லது எஃப்2.

இந்தத் திரைக்குத் தமிழ் வரையத் தெரியாது. தமிழில் பெயர் வைத்த கோப்புறைகள் கட்டங்களாகத் தெரியும், அவை கெடவில்லை. கணினியின் மொழியே தமிழ் என்றால் பிழைச் செய்திகளும் கட்டமாகிவிடும். அப்போது முதலில் ‘எக்ஸ்போர்ட்’, ஒரு இடைவெளி, அதன் பின் பெரிய எழுத்தில் எல்சி, அடிக்கோடு, ஏஎல்எல், சமன் குறி, சி என்று இடைவெளியில்லாமல் அடித்து என்டர் கொடுங்கள். அதன் பின் செய்திகள் ஆங்கிலத்தில் வரும், எனக்கு வாசித்துச் சொல்லலாம்.

பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறன். பிழை எண்டு சொல்லுது.

கேப்ஸ் லொக், நம் லொக் பார்த்துவிட்டீர்கள் என்றால் அடுத்தது விசைப்பலகை மொழி. பாமினியில் பழகியவர்களுக்கு இது புதிது, ஏனென்றால் பாமினி வெறும் எழுத்துரு, விசைகளை அது மாற்றுவதில்லை. யூனிகோட் தமிழுக்கு ரெங்கநாதன் அல்லது தமிழ்99 தளவமைப்பைச் சேர்த்திருந்தால் லொகின் திரையும் சில வேளை அதிலேயே நிற்கும். நீங்கள் ஏ அடிக்க, உள்ளே போவது ஒரு தமிழ் எழுத்து. புள்ளிகள் மட்டும் தெரிவதால் கண்டுபிடிக்க முடியாது.

முகப்பின் மூலையில் மொழிக் குறி இருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன எழுத்துத் திரையில் நுழைந்து பாருங்கள். அங்கே கடவுச்சொல் ஏற்கப்பட்டால், அது சரி, தளவமைப்புத்தான் பிழை.

பாஸ்வேர்டை ஏற்குது, ஒரு செக்கன் கறுப்பாகுது, திரும்பவும் லொகினுக்கே வந்து நிக்குது.

அதிகம் கேட்கப்படுவது இதுதான். இங்கே லொகின் மனேஜர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. உள்ளே தொடங்கிய உங்கள் அமர்வு விழுந்துவிட, அது மறுபடி முகப்பைக் காட்டுகிறது. ஆகவே லைட்டிஎம்மை அழித்து மறுபடி நிறுவிப் பயனில்லை. எழுத்துத் திரைக்குப் போய் இரண்டு விசயங்களைப் பாருங்கள்.

முதலாவது வட்டில் இடம். ‘டிஎஃப் கழித்தல் எச்’ என்று அடித்தால் ஒவ்வொரு பகுதியும் எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்று வரும். வெறும் சாய்கோடு போட்ட வரியில் 100 என்று நின்றால் காரணம் அதுதான். முகப்பு தன் தற்காலிகக் கோப்புகளை நினைவகத்தில் வைப்பதால் அது வந்துவிடும். உங்கள் அமர்வு வட்டில் எழுத வேண்டும், எழுத இடமில்லை, விழுகிறது. முழங்காவில் பக்கம் ஒரு டியூட்டரியில் இதே கதை. ‘எல்எஸ் கழித்தல் எல்ஏஎச்’ அடித்துப் பார்த்தோம். புள்ளியில் தொடங்கும் ‘எக்ஸ்செசன்-எரர்ஸ்’ என்ற பதிவுக் கோப்பு பல ஜிகாபைட்டுக்கு வீங்கிக் கிடந்தது. ஏதோ ஒரு நிரல் ஒரே பிழையை நாள் கணக்காக எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. ‘ஆர்எம்’ கொடுத்து அதை அழித்ததும் கணினி திறந்தது. மின்டில் இன்னொரு வழக்கமான காரணம் டைம்சிஃப்ட் எடுத்து வைத்த பழைய பிரதிகள். ‘சூடோ டைம்சிஃப்ட் இரண்டு கழித்தல் லிஸ்ட்’ என்று பார்த்து, ‘இரண்டு கழித்தல் டெலிட்’ என்று பழையதை நீக்கலாம். ‘சூடோ ஏபிடி கிளீன்’ என்பதும் கொஞ்சம் இடம் தரும். ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் வழமையாகக் கோப்புகளை அடுக்கும் முறை) வட்டில் வழமையாக 5 வீதத்தை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள், அதனால் வட்டு நிரம்பினாலும் சூடோவோடு செய்யும் வேலை நடக்கும்.

இரண்டாவது, சொந்தக்காரர் மாறிய கோப்பு. யாராவது சொன்னார்கள் என்று ஒரு முறை ‘சூடோ ஸ்டார்ட்எக்ஸ்’ கொடுத்திருந்தால் அல்லது படத்திரை நிரல் ஒன்றைச் சூடோவோடு திறந்திருந்தால், உங்கள் வீட்டுக் கோப்புறையில் உள்ள ‘எக்ஸ்ஒதோரிட்டி’ என்ற மறைகோப்பு ரூட்டின் பெயருக்குப் போய்விடும். அதன் பெயர் புள்ளியில் தொடங்கும், எக்ஸ் பெரிய எழுத்து. ‘எல்எஸ் கழித்தல் எல்ஏ’ கொடுத்தால் அந்த வரியில் உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட் என்று இருக்கும். ‘எம்வி’, இடைவெளி, பழைய பெயர், இடைவெளி, புதிய பெயர் என்று அடித்து அதன் பெயரை மாற்றி விடுங்கள், அடுத்த முறை நுழையும்போது புதிதாக உருவாகும். பல வீடுகளில் இந்த ஒரு வரிதான் முழு வைத்தியம்.

இரண்டும் இல்லையென்றால், முகப்பில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் குறியை அழுத்தி வேறு அமர்வு ஒன்றைத் தேர்ந்து பாருங்கள். அதில் நுழைய முடிந்தால் டெஸ்க்டொப் சூழல் கெட்டிருக்கிறது. எதிலும் முடியாவிட்டால் அண்மையில் ‘புள்ளி புரொஃபைல்’ கோப்பில் ஏதும் எழுதினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு பிழையான வரியும் அமர்வை விழுத்தும்.

லொகினே வரேல்லை. கறுப்பு மட்டும்.

முதலில் ஒன்று. கணினியை எழுப்பியதும் கம்பனிக் குறியாவது வருகிறதா? அதுவும் வராவிட்டால் இது லினக்ஸ் விசயமே அல்ல. சோளகக் காற்றடிக்கும் காலத்தில் செம்மண் தூசி உள்ளே போய் ராம் பலகை தொடர்பு விட்டிருக்கலாம், அல்லது திரை வயர். அதைப் பாருங்கள்.

குறி வந்து, பிறகு கறுப்பு என்றால் எழுத்துத் திரைக்குப் போய் ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் லைட்டிஎம்’ கொடுங்கள். பச்சையில் ‘அக்டிவ்’ என்றால் அது ஓடுகிறது, திரை இயக்கியில் பிரச்சினை. சிவப்பில் ‘ஃபெயில்ட்’ என்றால் அதுவே விழுந்திருக்கிறது.

எழுத்துத் திரைக்கே போக முடியவில்லை என்றால், எழும்பும்போது சிஃப்ட் விசையை அமத்திக்கொண்டிருங்கள், புதிய கணினிகளில் எஸ்கேப். எதை எழுப்புவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். முதல் வரியில் நின்று ஈ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று ஒரே சொல்லாக எழுதி எஃப்10. இது திரை இயக்கியை ஒதுக்கி வைக்கும், அந்த ஒரு முறைக்கு மட்டும். உள்ளே போனதும் டிரைவர் மனேஜரைத் திறந்து சரியான இயக்கியைப் போடுங்கள்.

கரண்ட் போய் வந்தாப் பிறகுதான் இப்பிடி.

மாரியில் இடி மின்னலோடு கரண்ட் வெட்டி வெட்டி வரும்போது இது அதிகம். ஈஎக்ஸ்டி4 ஓரளவு தாங்கும், ஆனாலும் எழுதிக்கொண்டிருந்த கோப்பு வெறுமையாகிவிடலாம். சில வேளை எழும்பும்போதே ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குள் எழுதிக்கொண்டு நிற்கும். அதற்கு மேலே உள்ள வரியில் எந்தப் பகுதி என்று சொல்லியிருக்கும், உதாரணமாக எஸ்டிஏ2. அப்போது ‘எஃப்எஸ்சிகே கழித்தல் ஒய்’ என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு டெவ் சாய்கோடு அந்தப் பெயர். முடிந்ததும் ‘எக்ஸிட்’. அது ஓடும்போது நிறுத்தாதீர்கள்.

சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். மணிக்கணக்கில் ஓடத் தேவையில்லை, ஒழுங்காக நிறுத்த ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும்.

அப்டேட் போய்க்கொண்டிருக்கேக்க டேட்டா முடிஞ்சுது. இப்ப லொகின் இல்லை.

டேட்டா முடிந்தால் பெரிதாகக் கெடாது, ஏனென்றால் முழுதும் இறங்கிய பிறகுதான் நிறுவத் தொடங்கும். நிறுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்தான் கெடும். அனேகமாக இரண்டும் ஒன்றாக நடந்திருக்கும். எழுத்துத் திரையில் ‘சூடோ டிபிகேஜி இரண்டு கழித்தல் கொன்ஃபிகர் கழித்தல் ஏ’, அது முடிந்ததும் ‘சூடோ ஏபிடி கழித்தல் எஃப் இன்ஸ்டோல்’. இரண்டாவதுக்கு இணையம் வேண்டும். போனை யூஎஸ்பி வயரில் கொழுவி டெதரிங்கைப் போட்டுவிட்டால் அனேகமாகத் தானாகவே இணையும். வைஃபை என்றால் ‘என்எம்டியூஐ’ என்று அடித்தால் பட்டியல் வரும்.

பிறகும் முகப்பு வராவிட்டால் இப்போதுதான் ‘சூடோ ஏபிடி இன்ஸ்டோல் இரண்டு கழித்தல் ரீஇன்ஸ்டோல் லைட்டிஎம் ஸ்லிக்-கிரீட்டர்’. ஜிடிஎம், லைட்டிஎம் இரண்டையும் நிறுவி வைத்திருந்தால் ‘சூடோ டிபிகேஜி-ரீகொன்ஃபிகர் லைட்டிஎம்’ கொடுத்து எது வேண்டும் என்று தேர்ந்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் வாசலில் நிற்கலாம்.

ரொப் எண்டு அடிச்சுப் பாத்தன், லைட்டிஎம் ரெண்டு நிக்குது. ஒண்டைக் கொல்லலாமோ?

ரொப் (டி, ஓ, பி) என்பது ஓடும் நிரல்களின் பட்டியலைக் காட்டும் கட்டளை. கொல்ல வேண்டாம், இரண்டும் இருப்பதுதான் சரி. ஒன்று தாய், கணினி எழும்பியதிலிருந்து நிற்பது. மற்றது நீங்கள் நுழைந்தபோது அது பெற்ற பிள்ளை. ‘பிஎஸ் ஏயுஎக்ஸ்’ கொடுத்தால் பிள்ளையின் வரியில் ‘செசன்-சைல்ட்’ என்று இருக்கும். உங்கள் அமர்வு முழுக்க அதன் கீழேதான் ஓடுகிறது. அதைக் கொன்றால் திறந்திருக்கும் எல்லாம் சேமிக்காமலே மூடப்படும். இன்னொருவரும் பயனரை மாற்றி உள்ளே இருந்தால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

லொகின் திரையில நிக்கேக்கயே ஃபேன் கத்துது, கணினி கொதிக்குது.

எழுத்துத் திரையில் ரொப் கொடுத்து முதல் வரியில் எந்த நிரல், யாருடைய பெயரில் என்று பாருங்கள். லைட்டிஎம் தாய் நிரல் சும்மா காத்திருப்பதுதான், அது மூளையைத் தின்பது அபூர்வம். பயனர் பெயர் லைட்டிஎம் என்றும் நிரல் ஸ்லிக் கிரீட்டர் என்றும் இருந்தால் முகப்புத்தான். லொகின் விண்டோ அமைப்பில் பின்னணிப் படத்தை எடுத்து வெறும் நிறத்தை வையுங்கள். பெரிய கமராப் படத்தைப் போட்டிருந்தால் பழைய கணினிக்கு அது பாரம்.

நிரல் எக்ஸோர்க் (திரையில் படம் காட்டும் நிரல்) என்றால் ‘இன்க்ஸி கழித்தல் பெரிய ஜி’ கொடுங்கள். அதில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று வந்தால் திரைச் சில்லு வேலை செய்யவில்லை, அதன் வேலையையும் சிபியூவே செய்கிறது. கறுப்புத் திரைக் கேள்வியில் சொன்ன நோமோட்செட்டை யாரோ நிரந்தரமாக எழுதி விட்டுப் போயிருக்கிறார்களா என்று பாருங்கள்.

லப்டொப்பை மூடித் திறந்தா கறுப்பு. ஆனா மவுஸ் அம்புக்குறி தெரியுது.

இது அனேகமாகப் பூட்டுத் திரை. கன்ட்ரோல் ஆல்ட் எஃப்7, எஃப்8 இரண்டையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். சுபுண்டுவின் சில பதிப்புகளில் பூட்டுத் திரை எஃப்8 இல் தனியாக நிற்கும். வராவிட்டால் எழுத்துத் திரையில் ‘சூடோ லொகின்சிடிஎல் அன்லொக்-செசன்ஸ்’. திறந்திருந்த வேலை அப்படியே இருக்கும்.

லைட்டிஎம்மை ரீஸ்டார்ட் பண்ணினா சரிவருமோ?

‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் லைட்டிஎம்’. முகப்பு மட்டும் உறைந்து நிற்கும்போது நல்ல வழி. நீங்கள் உள்ளே இருந்துகொண்டு கொடுத்தால், தாய்–பிள்ளை பதிலில் சொன்னது போல் எல்லாம் மூடப்படும். தட்டச்சுக் கடை ஒன்றில் காணி உறுதி அடித்துக்கொண்டிருக்கும்போது இப்படிப் போனது, முழுதையும் திரும்ப அடித்தார்கள்.

விழுந்து விழுந்து எழும்பினால் சிஸ்டம்டி ஒரு கட்டத்தில் கைவிடும். வழமையான அமைப்பில் 10 செக்கனுக்குள் 5 தடவை தொடங்கியாயிற்று என்றால் ‘ரிப்பீட்டட் டூ குயிக்லி’ என்று எழுதிவிட்டு அடுத்ததை மறுக்கும். காரணத்தைத் திருத்திய பிறகு ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்ட் லைட்டிஎம்’ கொடுத்து மறுபடி தொடங்குங்கள்.

இந்தக் கணினி தம்பின்ர. அவன் வெளிநாடு போயிட்டான், பாஸ்வேர்ட் ஒருத்தருக்கும் தெரியாது.

முதலில் தம்பிக்கே ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்கள். கணினி குடும்பத்துடையது, அவர் சம்மதம் என்றால்: கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்ட்’ என்று தொடங்கும் வரி, அதற்குள் ‘ரிகவரி மோட்’, வரும் பட்டியலில் ‘ரூட்’. ‘மவுண்ட் கழித்தல் ஓ’, ஒரு இடைவெளி, ‘ரீமவுண்ட், கமா, ஆர்டபிள்யூ’ ஒட்டி, மறுபடி இடைவெளி, சாய்கோடு. பிறகு ‘பாஸ்டபிள்யூடி’ என்று அடித்து அவரின் பயனர் பெயர். புதிய கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. நிறுவும்போது வீட்டுக் கோப்புறையைக் குறியாக்கம் செய்திருந்தால் இந்த வழியில் கடவுச்சொல் மாறும், கோப்புகள் திறக்காது. நுழைந்தாலும் முன்பு சொன்ன அதே சுற்றில் சிக்குவீர்கள். அங்கே பழைய கடவுச்சொல் தவிர வேறு வழியில்லை. குறியாக்கம் இல்லாத கணினியில்கூட உலாவி ‘கீரிங்’ என்று பழைய கடவுச்சொல்லைக் கேட்கும். அதற்குள் இருந்த சேமித்த கடவுச்சொற்கள் மட்டும் போகும்.

ஒண்டுமே அசையுதில்லை. எழுத்துத் திரையும் வரேல்லை. பிளக்கைப் புடுங்கவோ?

அதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் அமத்திக்கொண்டு எஸ், சில செக்கன் விட்டு யூ, பிறகு பி. எஸ் எழுதாமல் மீந்ததை வட்டில் எழுதும், யூ வட்டை வாசிக்க மட்டும் என்று மாற்றும், பி மறுபடி எழுப்பும். மற்ற எழுத்துகளையும் சேர்த்து நீளமாகச் சொல்லித் தருவார்கள். உபுண்டுவிலும் மின்டிலும் வழமையாக இந்த மூன்றுக்கும்தான் அனுமதி இருக்கிறது, இந்த மூன்றே போதும். பிளக்கைப் பிடுங்கினால் கரண்ட் கேள்வியில் சொன்ன இடத்துக்கே போவீர்கள்.

உங்களுக்குப் போன் எடுக்க முன்னம் என்ன பாத்து வைக்கவேணும்?

எழுத்துத் திரையில் ‘சூடோ ஜேர்னல்சிடிஎல் கழித்தல் யூ லைட்டிஎம் கழித்தல் பி’ கொடுத்து, கடைசிப் பக்கத்தை நேராகப் பிடித்து ஒரு படம். டிஎஃப் விடையை ஒரு படம். முகப்பே விழுந்தால் வார், லொக், லைட்டிஎம் என்ற கோப்புறைகளுக்குள் ‘சீட்0-கிரீட்டர்’ என்ற பதிவு இருக்கும், அதன் கடைசி வரிகளும் வேண்டும். சரிந்த படத்தில் எழுத்து வாசிக்க முடியாது, மேசையில் கையை ஊன்றிக்கொண்டு எடுங்கள்.

‘டேட்’ என்று அடித்து வரும் திகதியையும் சொல்லுங்கள். பழைய கணினிகளில் உள்ளே உள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பற்றரி செத்துவிட்டால் ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்கும் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். பதிவில் நேற்று நடந்தது எது, போன வருடம் நடந்தது எது என்று பிரிக்க முடியாது. பற்றரியைப் புதிதாகப் போட்டுவிட்டு எடுத்தால், பதிவைப் பார்த்தே போனில் காரணத்தைச் சொல்லிவிடுவேன்.